உறைந்த குளத்தில் கடைசிப் பந்தி

பங்குனியில் குளம் உறைந்தது. மடையை ஒழுங்காக மூடாததால் வந்த வினை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். கரையில் வெயில் வழக்கம்போல் மண்டையைப் பிளந்தது. பனைகளில் நுங்கு தொங்கியது. கரையை விட்டு ஓரடி கீழே இறங்கினால் மூக்கு விறைத்தது. இதில் அதிசயப்பட யாருக்கும் ஒன்றும் இல்லை. வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடப்பாரையோடு இறங்கினார்கள்.

குளத்துக் குத்தகை ஆவுடையப்பன் வீட்டாருடையது. அவன், அவன் அண்ணன் சொரிமுத்து, பங்காளிகள் என்று எல்லாரும் பனியில் ஆளுக்கொரு குழி போட்டார்கள். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குழியோரம் போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள்.

பெண்களுக்குக் குழி கிடையாது, அடுப்பு உண்டு. ஆவுடையப்பன் பெண்டாட்டி செண்பகவடிவுதான் அத்தனை பேருக்கும் சமைத்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. காலையில் எழும்போதே இருந்தது. பல் விளக்கினாலும் போகவில்லை.

மீன் ஒன்றுகூடக் கிடைத்தபாடில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததில் அவர்களுக்கு நன்றாகப் பசித்தது.

பனியில் சமைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சாக்கு, சாக்கின்மேல் பலகை, பலகைமேல் மணல் நிரப்பிய சாந்துச்சட்டி, அதன்மேல் செங்கல், அதன்மேல் தீ. தீயின் சூடு மேலே போக வேண்டும், கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அடுப்பு குளத்துக்குள் போய்விடும். சோறு தனி, குழம்பு தனி என்று வைத்தால் ஒன்று கொதிப்பதற்குள் மற்றது கல்லாகிவிடும். அதனால் தினமும் கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய் எல்லாம் ஒரே பானையில். இறக்கியதும் பானையை வைக்கோலில் புதைத்துக் கம்பளியைச் சுற்ற வேண்டும். இதையெல்லாம் அவளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பனி காலில் ஏறும். பெருவிரலில் தொடங்கி மெல்ல மேலே வரும். சுடுசோறு வயிற்றுக்குள் போனால் இறங்கும். ஆறின சோறு எவ்வளவு போனாலும் இறங்காது. அவ்வளவுதான்.

முத்துப்பேச்சிக்கும் அது தெரியும். அவள் சொரிமுத்துவின் பெண்டாட்டி, செண்பகவடிவுக்கு ஓரகத்தி. போன மாதம்வரை இருவரும் சேர்ந்துதான் சமைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவளும் சாப்பிடுவாள். பனி இடுப்புக்கு வந்தபோது, "எனக்குப் பசிக்கல" என்றாள். கழுத்துக்கு வந்தபோதும் அதையே சொன்னாள். இப்போது அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கையை நீட்டியபடி நிற்கிறாள். கண் மட்டும் அசைகிறது. சொரிமுத்து அந்தக் கையில் தன் துண்டைக் காயப்போடுகிறார். நல்ல தோதாக இருக்கிறது என்று பங்காளிகளிடமும் சொன்னார்.

சொல்லும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. தினமும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

அன்றைக்குச் செண்பகவடிவுக்குப் பனி முழங்காலில் இருந்தது.

பானையை இறக்கி, தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டாள். ஆவுடையப்பன் தூரத்திலிருந்து கை காட்டினான். அவன் நாற்காலி அடுப்பிலிருந்து கூப்பிடு தூரம். அவன் கூப்பிடும்போது கூப்பிடு தூரம்தான். அவள் சோற்றோடு நடக்கத் தொடங்கினால் குளம் நீளும். அன்றைக்கு வழியில் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. நேற்று அது இல்லை. ஒரு பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"தூக்குச்சட்டிக்கு லக்கேஜ் போடணுமே."

"நான் ஏறல."

"ஏறாட்டியும் போடணும்."

அவள் நடந்தாள். பஸ் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு சலித்துப்போய்த் திரும்பிவிட்டது.

ஆவுடையப்பன் ஒரு விரலால் சோற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"ஆறிப்போச்சே."

"குளம் நீண்டுபோச்சு."

"நீண்டா வெரசா நடக்கணும்."

"மீனு?"

"வரும்."

"எப்ப?"

"ஏளா, மீனுகிட்டப் போயி நேரம் கேக்கவா முடியும்? இதச் சுட வச்சுக் கொண்டா."

பக்கத்து நாற்காலியில் சொரிமுத்து தொண்டையைச் செருமினார். தம்பி பெண்டாட்டியிடம் அவர் நேராகப் பேச மாட்டார். அது மரியாதை.

"ஏல ஆவுடையப்பா. நேத்து கீரை கம்மின்னு அவட்ட சொல்லு."

ஆவுடையப்பன் அவள் பக்கம் திரும்பினான். "நேத்து கீரை கம்மியாம்."

அவளுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்த ஆட்கள் பந்திக்குத்தான் படையெடுத்து வந்திருந்தார்கள். தூக்குச்சட்டியோடு திரும்பி நடந்தாள். ஆறின சோற்றோடு போகும்போது குளம் நீளவில்லை. நாலு எட்டில் அடுப்பு வந்துவிட்டது. அதுவும் அவளுக்குக் கோபமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் எதிரே வந்தால், "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். வந்தவர், "இருக்கட்டும், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் அப்படித்தான் சொல்வார். கரையில் அப்படிக் கூப்பிட்டு யார் சோறும் குறைந்ததில்லை. பனியில் மட்டும் எப்படியோ இரண்டாவது பாதியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். செண்பகவடிவு முதல் கவளத்தை உருட்டும்போது சரியாக யாராவது அந்தப் பக்கம் வருவார்கள். பழகிய வாய், "வாங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிடும். "நீ இவ்வளவு சொல்லும்போது" என்று வந்தவர் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கூப்பிடாமல் கைவைக்க மாட்டார்கள். அந்த மட்டுக்கு மானம் இருந்தது. அவளுக்குப் பானையில் ஒட்டிய காந்தல் மிஞ்சும். சுரண்டி எடுப்பதற்குள் அதுவும் ஆறிவிடும்.

புருஷன்மேல் உள்ள கோபத்தைவிட அவளுக்குத் தன் வாய்மேல்தான் கோபம் அதிகம். ஒருநாள் கண்ணாடியில் அதை நேராகப் பார்த்துத் திட்டினாள். வாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. எல்லாம் முடிந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்றது.

சோறு மறுபடி சூடேறியது. செண்பகவடிவு நிமிர்ந்தபோது முத்துப்பேச்சியின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டிய கையில் துண்டு கிடந்தது. செண்பகவடிவு அந்தத் துண்டை எடுத்தாள். மடித்தாள். அடுப்பில் போட்டாள். அது நன்றாக எரிந்தது. அடுத்த நாளைக்கு வைத்திருந்த விறகையும் தள்ளினாள். மணல் சட்டியைக் காலால் உதைத்து நகர்த்தினாள். உருகட்டும், அடுப்பும் பானையும் குளமும் ஒன்றாய் முழுகித் தொலையட்டும் என்று இருந்தது அவளுக்கு.

பனி சத்தம் போட்டது. ஆனால் அடுப்பு முழுகவில்லை. அதன் பக்கத்தில் ஒரு குழி மட்டும் திறந்தது. வட்டமாக, ஆவி பறக்க, ஒரு நல்ல குழி. யாரும் கடப்பாரை போடாமல் அவளுக்கென்று வந்த குழி.

அவள் தட்டு நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். உட்காரப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. பலகையில் சரிந்து சாய்ந்துகொண்டாள். பனி இடுப்பைத் தொட்டுவிட்டிருந்தது. கவளத்தை உருட்டினாள். அப்போது குழியிலிருந்து ஒரு விரால் தலையை நீட்டிப் பார்த்தது.

"வாங்க, சாப்பிடுங்க" என்றது அவள் வாய்.

சொன்னதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். செத்தேன் என்று நினைத்தாள்.

"இருக்கட்டும்மா" என்றது விரால். "இப்பத்தான் சாப்பிட்டேன். நீங்க சாப்பிடுங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். பனிக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பதிலை அவள் கேட்டதில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மீனுக்குத் தெரிகிறது.

கவளத்தை வாயில் போட்டாள். சுட்டது. நாக்கு சுட்டது, தொண்டை சுட்டது, நெஞ்சுக்குள் சூடு இறங்கும் இடமெல்லாம் தெரிந்தது. இடுப்பிலிருந்த பனி ஒரு பாவாடை நழுவுவதுபோல் தொடைக்கு இறங்கியது.

"கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றது விரால். "இன்னொரு வாய்."

இன்னொரு வாய் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"நீங்க இங்கயா இருக்கீக?" என்று கேட்டாள்.

"எல்லாரும் இங்கதான் இருக்கோம். இங்கதானம்மா சூடு."

அவள் குனிந்து பார்த்தாள். கெண்டையும் கெளுத்தியும் அயிரையுமாகக் குளத்து மீன் அத்தனையும் அவள் அடுப்பின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவள் வந்த நாளிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கின்றன.

ஆவுடையப்பன் பார்த்துவிட்டான். ஓடி வந்தான். அவனுக்குக் குளம் நீளவில்லை.

"ஏளா, மீனு. கையப் போட்டுப் புடி."

"புடிக்கப்படாது."

"ஏன்?"

"விருந்துக்கு வந்திருக்காவ."

"மீனா?"

"சாப்பிடும்போது துணைக்கு இருக்காவ. நீங்க ஒருநாளும் இருந்தது இல்லல்லா."

விரால் நிலைமையைப் புரிந்துகொண்டது. "அப்ப நான் போயிட்டு வாரேன்மா" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனது. மற்ற மீன்களும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போயின. அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குள் சொரிமுத்துவும் பங்காளிகளும் வந்து சூழ்ந்துவிட்டார்கள். காலையிலிருந்து யாருக்கும் சூடாக எதுவும் உள்ளே போகவில்லை. பானையிலிருந்து மாங்காயும் கீரையும் பெருங்காயமும் மணந்தன. எல்லாரும் அவள் தட்டைப் பார்த்தார்கள். பிறகு அவள் வாயைப் பார்த்தார்கள். கூப்பிட்டால் போதும், உட்கார்ந்துவிடுவார்கள்.

அவள் கூப்பிடவில்லை. சாப்பிட்டாள்.

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். "ஏல. வாங்கன்னு அவளச் சொல்லச் சொல்லு."

"ஏளா, வாங்கன்னு சொல்லு" என்றான் ஆவுடையப்பன்.

வாய் துடித்தது. வருஷக்கணக்காகப் பழகிய வாய். 'வா' என்று திறந்தும்விட்டது. அவள் அதில் ஒரு கவளத்தை வைத்து அடைத்தாள். அது மென்று முடிப்பதற்குள் அடுத்ததை அடைத்தாள். ஒரு வாயால் இரண்டு வேலை செய்ய முடியாது. இத்தனை காலம் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். கோபத்தில் சோறு நன்றாக இறங்கியது.

பனி முழங்காலுக்கு இறங்கியது. கெண்டைக்காலுக்கு இறங்கியது. பெருவிரல் வழியாக வெளியேறிப் போனது. அது சும்மா போகவில்லை. பலகையைத் தாண்டி ஊர்ந்து, சூழ நின்ற செருப்புகளில் ஏறிக்கொண்டது.

செண்பகவடிவு எழுந்தாள். ஒரு கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தட்டில் புதிதாகச் சோறு எடுத்துக்கொண்டு முத்துப்பேச்சியிடம் போனாள். விறைத்த உதட்டின்மேல் சூடான சோற்றை வைத்து அழுத்தினாள். உதடு இளகியது. இரண்டாவது கவளத்துக்கு வாய் தானாகத் திறந்தது. மூன்றாவதுக்கு நீட்டிய கை கீழே இறங்கியது.

முத்துப்பேச்சி மென்று விழுங்கினாள். எல்லாரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள்.

"உப்பு கம்மி" என்றாள்.

"நாளைக்குப் பாத்துப் போடுதேன்க்கா."

"துண்டு எங்க?"

"அடுப்புல."

"நல்லது" என்று முத்துப்பேச்சி பலகையில் போய் உட்கார்ந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள். சொரிமுத்து அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள்.

பனி ஆவுடையப்பனின் முழங்காலுக்கு வந்திருந்தது. அவன் குனிந்து பார்த்தான். தட்டிப் பார்த்தான். கண்ணாடி மாதிரிச் சத்தம் கேட்டது.

"ஏளா, எனக்கு?"

"உண்டு."

"எப்ப?"

"கடைசியில."

"கடைசின்னா எப்ப?"

செண்பகவடிவு யோசித்தாள். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியல" என்றாள். "இத்தன வருசமா நான் அங்கனதான் இருந்தேன். எனக்கே தெரியல."

முத்துப்பேச்சி தட்டை நீட்டினாள். செண்பகவடிவு பானையைக் கிளறிப் பார்த்தாள். அடி இன்னும் தட்டுப்படவில்லை. அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சூடாக இரண்டு அகப்பை போட்டாள்.