நிழலைத் தைத்தவர்

தையல்காரர் தன் கடைசிக் காலையில் செய்த வேலை, கொல்லை அத்திமரத்தின் நிழலைத் தரையோடு சேர்த்துத் தைத்தது. அன்று அது யாருக்கும் தெரியவில்லை. புல்கூட முளைக்காத மரத்தடி மண்ணை மூட, காட்டு நிழலில் படரும் ஒரு செடியின் வேர்களை நடுகிறார் என்றுதான் எண்ணினார்கள். படுக்கைவசமாக வைத்து மேலே சருகு போட்டால் போதும், வெயில் பட்டால் மட்டும் கருகிவிடும் என்று நாற்றுக்காரர் சொல்லியிருந்தார். இவரோ துணிக்குப் போடுவதுபோல் கோடு கிழித்து, கோணி ஊசியால் மண்ணைக் குத்தி, நீள வேர்களை உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஓட்டுத்தையலாகவே கொண்டுபோனார்.

"செடி நடுறீங்களா, பாவாடைக்கு ஓரம் அடிக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"பிரியாம இருக்கணும்ல" என்றார். மதியம், மிஷினில் கால் வைத்தபடியே போய்விட்டார்.

முதல் வருடம் செடி தலைகாட்டவில்லை. அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மறுவருடம் சில இலைகள். அதன் பிறகு ஓடிப் படர்ந்தது. உள்ளங்கை அகல இலைகள் மரத்தடி முழுவதையும் மூடி வெள்ளையாகப் பூத்திருந்தபோது, பக்கத்து வீட்டுக் கொழுந்தன் மரம் வெட்டுகிறவர்களோடு வந்து நின்றார். "அண்ணி, மரத்து வேரு என் சுவத்தப் பொளந்துருச்சு. இனி பொறுக்க முடியாது." சுவர் வெடிப்பில் கையே நுழைந்தது; அவளால் மறுக்க முடியவில்லை. "ஒரு நாள் வெயில் தாங்காது தம்பி. அவர் கையால வச்ச செடி" என்று மட்டும் சொல்லிவிட்டு, செடிக்கு மேல் விரிக்க வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அள்ளிவந்தாள்.

விரிக்க வேண்டியிருக்கவில்லை. மரம் சாய்ந்தது, துண்டுபோட்டு லாரியில் ஏற்றினார்கள், நிழல் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. காற்றடித்தபோது இல்லாத கிளைகள் தரையில் அசைந்தன. கொழுந்தன் மேலே பார்த்தார்: வெறும் வானம், சுடும் சூரியன். கீழே பார்த்தார். "அண்ணி! அண்ணி! இங்க வாங்களேன், குளுகுளுன்னு இருக்கு!" என்று சின்னப் பிள்ளைபோல் ஓடி, செடிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார். அவள் போர்வைகளைக் கீழே போட்டுவிட்டு, "உங்கண்ணன் தைச்சா பிரியுமா?" என்று கத்திச் சிரித்தாள், கண்ணைத் துடைக்காமலே.

தெருவே திரண்டது. வேரைக் கொண்டுபோய் வெறுமனே நட்டவர்களுக்குப் பச்சைதான் வந்தது, நிழல் வரவில்லை. திரும்பி வந்து அவளிடம் ஓட்டுத்தையல் கற்றுக்கொண்டு போய்த் தைத்தார்கள்; வேரோடு நிழலும் வந்தது. சில வருடங்களில் பேருந்து நிறுத்தமும் பள்ளிக்கூட வாசலும் அத்திமர நிழலில் கிடந்தன. அத்திமரம்தான் எங்கும் இல்லை. இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. அவள் கொல்லையில் துவைத்துப் போட்ட துணி, மரம் நின்ற காலம் போலவே இன்றும் சாயங்காலம்வரை காய்வதில்லை.