முருங்கைப்பூவும் முட்டையும்

மாசி பாதியில் முருங்கை பூத்துவிடும். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கீரை விற்கும் பெண்களிடம் பூ கிடைக்கும். பழைய செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை மெஹபூப் அலி திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் பிடித்துப் போய் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். அடையாறிலிருந்து மகன் அமீன், மனைவி ரூஹியோடும் குழந்தை அஃப்ராவோடும் வருவதாகச் சொல்லியிருந்தான். அம்மா ஜமீலுன்னிசா முட்டை சேர்த்துச் செய்யும் முருங்கைப்பூ என்றால் அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அதில் பெரிய வேலை எதுவும் இல்லை. பூவை ஆய்ந்து, உப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதங்கியதும் பூவைப் போட்டு, அது சுருண்டு வரும்போது முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். அதிகம் கிளறாமல் பெரிய துண்டுகளாக விட்டு, மிளகு தூவி இறக்கிவிடலாம். மசாலா எதுவும் கூடாது. பூவின் வாசனை அவ்வளவு லேசானது.

அந்த வாசனை ஜமீலுன்னிசாவுக்குத் தெரியாமல் போய் நான்கு வருடமாகிறது. கொரோனாவின் இரண்டாவது அலையில் காய்ச்சல் வந்து போனது. அதோடு போன மோப்பம் திரும்பவில்லை. "வரும், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். உப்பையும் புளிப்பையும் நாக்கு சொன்னது. மற்றதையெல்லாம் மூக்கு சொல்ல வேண்டியிருந்தது.

இது மகனுக்குத் தெரியக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். இரண்டு பேரும் அடையாறுக்கே வந்துவிடுங்கள் என்று அவன் ஏற்கெனவே நச்சரித்துக்கொண்டிருந்தான். அங்கே சமையலுக்கு ஆள் உண்டு. மோப்பம் இல்லாத அம்மா கேஸ் அடுப்பின் முன்னால் நிற்பதை அவன் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டான். அடுப்பை விட்டால் தனக்கு அந்த வீட்டில் உட்கார இடம் தெரியாது என்று அவள் கணவரிடம் சொல்லியிருந்தாள்.

அதனால் அவர்தான் அவளுக்கு மூக்கு. பால், எண்ணெய், முந்தின நாள் குழம்பு எல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் வந்துதான் அடுப்புக்குப் போகும்.

"ஏங்க, இங்க வாங்க. பால் இன்னா சொல்லுது?"

"நல்லா கீது."

"அடி பிடிச்ச மாரி இல்லியே?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல."

மெஹபூப் அலி தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சட்டைத்துணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் துணியைத் தோளில் போட்டுக் காட்டினாலும் "உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிப் பழகிய வாய். வீட்டில் அவருடைய பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. அவள் அதை நம்பினாள்.

அன்று அவர் தொழுகைக்குக் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். ரூஹி உள்ளே இருந்ததால் குரலைத் தாழ்த்தினாள்.

"முட்டைய நீங்க வந்தப்புறம் உடைக்கிறேன். முனைக்கடைக்காரன் வெயில்லயே வச்சிருந்தான். சீக்கிரம் வந்துடுங்க."

"தொழுகை முடிஞ்சா வந்துட்டேன்."

தொழுகை முடிந்ததும் வாலாஜா மசூதி வாசலில் அமீன் பிடித்துக்கொண்டான். செருப்பைக் காலில் மாட்டியபடியே ஆரம்பித்தான்.

"அப்பா, மூணாவது ரூம் சும்மாதான் கீது. இன்னும் எத்தினி நாள் அந்தப் படிக்கட்டுல ஏறி இறங்குவீங்க?"

"உங்கம்மி சமையக்கட்டு இல்லாம இருக்க மாட்டாடா."

"அங்கயும் அடுப்பு கீதுப்பா. வாரத்துல ஒரு நாள் பண்ணட்டும், யார் வாணாம்னா?"

பேசிப் பேசி நேரம் போய்விட்டது.

வீட்டில் அஃப்ரா பசியில் அழ ஆரம்பித்தாள். ரூஹி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமி, நகருங்க. முட்டைய நான் உடைச்சு ஊத்திடுறேன். குழந்த கத்துது பாருங்க."

"நீ போய் உக்காரு தாயி. உன் கையில சிக்குனா முருங்கைப்பூகூட பிரியாணியாயிடும்."

"ஆமா, உங்க மகன் அந்தப் பிரியாணியத்தான் ரெண்டு தட்டு துன்றாரு" என்று ரூஹி சிரித்துக்கொண்டே குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப் போனாள்.

ஜமீலுன்னிசா வாசலைப் பார்த்தாள். வாணலியில் பூ சுருண்டுவிட்டது, இன்னும் விட்டால் கறுத்துவிடும். இன்னொரு தடவை ரூஹி எழுந்து வந்தால் கரண்டியைக் கொடுக்கத்தான் வேண்டும். அவள் முட்டைகளை ஒவ்வொன்றாக வாணலியிலேயே உடைத்தாள். கடைசி முட்டையின் கரு கொஞ்சம் கலங்கி, தளர்ந்து விழுந்தது. வெயில் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மிளகைத் தூவினாள்.

ஜன்னலோரம் இருந்த ரூஹி முகத்தைச் சுளித்தாள். பக்கிங்காம் கால்வாய்ச் சாக்கடை நாற்றம்தான் காற்றில் வருகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினாள்.

மெஹபூப் அலிக்குப் படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. அமீன் மூக்கைப் பொத்தினான். "இன்னாப்பா இது, எலி செத்துக் கெடக்கா?"

அவர் வேகமாக ஏறினார். உள்ளே தட்டுகள் வைத்தாகிவிட்டது. ஜமீலுன்னிசா பெரிய தட்டில் முருங்கைப்பூவையும் முட்டையையும் பரப்பி நடுவில் கொண்டுவந்து வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மஞ்சளும் வெள்ளையுமான துண்டுகளுக்கு நடுவில் பூக்கள் அங்கங்கே தெரிந்தன. அவள் முகத்தில் வேர்வையும் சிரிப்பும்.

"உக்காருங்க. ஆறிடும்."

அமீன் ரூஹியைப் பார்த்தான். ரூஹி தட்டைப் பார்த்தாள். யாரும் கை நீட்டவில்லை.

மெஹபூப் அலி கை நீட்டினார். ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நல்லா கீது" என்றார். "போன வருஷத்தவிட நல்லா வந்துருக்கு."

"அப்பா!" அமீன் எழுந்துவிட்டான். "துப்புங்க முதல்ல! கெட்டுப்போன முட்டைப்பா அது. வீடே நாறுது. உங்க ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?"

ஜமீலுன்னிசா குனிந்து, தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். உப்பு சரியாக இருந்தது. மிளகு நாக்கைச் சுட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மென்றுகொண்டே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை கணவர் முகத்தில் வந்து நின்றது.

"எனக்கு மோப்பம் தெரியாது அமீன்" என்றாள், கணவரைப் பார்த்தபடியே. "அந்தக் காய்ச்சலோட போச்சு. உங்கப்பாதான் எல்லாத்தையும் மோந்து பாத்துச் சொல்வாரு."

அமீன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரூஹி குழந்தையை இடுப்பில் ஏற்றி, அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஜமீலா, புள்ளைங்க முன்னாடி உன்ன..." என்று மெஹபூப் அலி ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தினி தடவ?"

"எது?"

"இப்படி நல்லா கீதுன்னு சொன்னது."

அவர் விரலில் ஒட்டியிருந்த சோற்றை உதறினார்.

"நான் இன்னா உங்க கடைக்கு வந்த கஸ்டமரா? துணிய தோள்ல போட்டுக் காட்டி அனுப்புறதுக்கு? நீங்க வாணாம்னா ஊத்திட்டு வேற பண்ணியிருப்பேனே. அதுக்குத்தானே உங்ககிட்ட கொண்டாந்து நீட்டுனேன்?"

"உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு..."

"சொல்லுங்க. இன்னா இன்னா கெட்டுருந்துச்சு?"

வேறு வழியில்லாமல் அவர் சொன்னார். ஒரு தடவை நோன்புக் கஞ்சி அடிபிடித்திருந்தது. நல்லெண்ணெய் காறல் வாடையோடு ஒரு மாதம் ஓடியது. தேங்காய் ஊசிப்போன சட்னி. ஒவ்வொன்றுக்கும் அவள் "வேற?" என்றாள். யாரோ தூரத்து மனுஷியைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பெருநாளைக்கு வச்ச சேமியா பாயாசம். பால் தீஞ்சிருந்துச்சு."

"அதையா மேல் வீட்டுக்கெல்லாம் குடுத்தனுப்பினேன்?"

"ஆமா."

"இசக்கியம்மா ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களே."

அவர் கீழே பார்த்தார். "நான் மேல போய்ச் சொல்லிட்டு வந்தேன். இப்படி விஷயம்னு."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று அவள் நான்கு வருடம் காத்து வைத்திருந்தது மாடிக்குப் போய் வந்திருக்கிறது. தன் சமையலைப் பற்றி அக்கம்பக்கம் சொன்ன நல்ல வார்த்தைகளில் எது எதை அவர் போய்ச் சொல்லி வாங்கி வந்தார் என்று இனி அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

"உங்கள நம்பி மூக்கக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு எழுந்து போய் சிலிண்டரை மூடினாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த தன்னுடைய வீட்டுச் சாவியை, இனி தனக்கு வேண்டாம் என்பது போல, ஓரமாக நின்றிருந்த ரூஹியிடம் கொடுத்தாள். திரும்பி வந்து மகனிடம், "அந்த ரூம்ல கட்டில் போட்டுருக்கியா?" என்று கேட்டாள்.

"கீதும்மி. ரெண்டு பேருக்கும் தாராளமா..."

"நான் வரேன். உங்கப்பா இங்க இருக்கட்டும் கொஞ்ச நாளு."

மெஹபூப் அலி ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொன்னாலும் அதையும் அவள் எடை போட்டுப் பார்ப்பாள் என்று தோன்ற, நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் அமீன் காரை எடுக்கக் கீழே போனான். ஜமீலுன்னிசா புர்காவைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கும்போது மாடியிலிருந்து இசக்கியம்மாள் துணி வாளியோடு வந்தாள். அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

"என்னக்கா, எங்க கெளம்பிட்டிய?"

"மகன் வீட்டுக்கு." ஜமீலுன்னிசா ஒரு படி மேலேறி நின்றாள். "இசக்கியம்மா, பெருநாள் பாயாசம் தீஞ்சிருந்துச்சாமே?"

இசக்கியம்மாள், பின்னால் பையோடு நின்றிருந்த மெஹபூப் அலியைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐய, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"நீங்களாவது சொல்லுங்க."

இசக்கியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் தீஞ்ச வாடைதான்க்கா. பிள்ளைக குடிக்கல. நானும் அவுகளும் குடிச்சோம்."

ஜமீலுன்னிசா அவள் மணிக்கட்டைச் சற்று நேரம் பிடித்திருந்தாள். "சரி" என்றாள். பிறகு கணவர் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டு இறங்கினாள்.