மூழ்காத திரி

கருவாட்டு அறையின் கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டு, இடுக்கில் சாக்கையும் அடைத்துவிட்டார் என் மாமனார் மிக்கேல் சூசை. உள்ளே நான், ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் தேன்மெழுகு, நடுவில் நான் பின்னிய திரி. உவரிக் கடற்காற்று ஊசிமுனை அளவுகூட உள்ளே வரக் கூடாதாம். காற்றுப் பட்டால் திரி நல்லதா கெட்டதா என்று தெரியாதாம். நான் வெந்து செத்தால் மட்டும் தெரிந்துவிடுமாக்கும்!

திருவிழாவில் சப்பரத்தைச் சுற்றி நட்டு வைக்கிற மெழுகுவர்த்தி எல்லாம் காற்றில் அணைந்துபோகிறது என்று, கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய வர்த்தி கேட்டிருந்தார் பங்குச் சாமியார். கேட்பது சுலபம். தம்ளருக்குள் திரி மெலிந்திருந்தால் நடுவில் குழி பறித்து இறங்கி, தான் உருக்கிய மெழுகிலேயே மூழ்கிச் சாகும். தடித்திருந்தால் கரி கக்கிக் கண்ணாடியைக் கறுப்பாக்கி, கடைசியில் டப்பென்று உடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு திரியையும் அடிவரை எரியவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது அணையும்வரை கதவு திறக்காது. அந்த வீட்டுச் சட்டம் அப்படி.

என் புருஷன் கயித்தான் கொழும்பில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தான். கல்யாணமான கையோடு கப்பலேறியவன். அங்கே அறை பிடித்துவிட்டேன், அவளை அனுப்புங்கள் என்று ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினான். "திரி ஒண்ணு சரியா வந்துட்டுன்னா அனுப்பிருதேன் மவளே" என்று மாமனார் கிறிஸ்துமஸுக்கே சொன்னார். நானும் நம்பிப் பின்னினேன். ஒரு திரி சரியாகவும் வந்தது. அதற்குள் அந்த மெழுகு தீர்ந்து, பாபநாசம் மலையிலிருந்து வேறு மெழுகு வந்து இறங்கியது. அதில் அதே திரி மூழ்கியது. "மொதல்லேருந்து பாரு" என்றார். மலையில் தேனீ இருக்கிறவரை எனக்கு விடுதலை இல்லை என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

இன்று ஏற்றிய திரி வேறு மாதிரி. பழைய வேட்டி நூலையும் புது நூலையும் கலந்து, பட்டையாகப் பின்னியிருந்தேன். அதன் நுனி சுடரிலேயே ஒரு பக்கம் சாய்ந்து, தானே கருகி உதிர்ந்தது. மெழுகு விளிம்புவரை உருகிக் குளமாக நின்றது. கண்ணாடியில் பொட்டுக் கரி இல்லை. பாதித் தம்ளர் இறங்கியும் சுடர் அப்படியே நின்றது. இதுதான் திரி என்று தெரிந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகு, இப்படிப் பின்னத் தெரிந்தவளை அந்த மனிதர் விடுவாரா?

அப்போது வெளியே என் அண்ணன் தொம்மையின் குரல் கேட்டது.

"மாமா, சாலோமியக் கூட்டிட்டுப் போவ வந்தேன். தோணி கரையில நிக்கி. நாளைக்குத் தூத்துக்குடியில கொழும்புக் கப்பல். இப்பமே பாய் விரிச்சாத்தான் உண்டு. தோணியத் தள்ளுத கச்சான் காத்து நின்னுட்டுன்னா போச்சு."

"உள்ள திரி எரியுதுல்லா? அணையாமக் கதவத் தொறக்க மாட்டேன்னு ஒனக்குத் தெரியாதாலே? பைய இரி, பதனி குடி."

"அணைய எம்புட்டு நேரமாவும்?"

"சாயங்காலம் ஆயிரும்."

"அதுக்குள்ள காத்து..."

"அதுக்கு நான் என்னலே செய்ய? திரிகிட்டக் கேளு."

அண்ணன் அதோடு அடங்கிவிட்டான். நடுக்கடலில் புயலுக்குப் பயப்படாதவன், சம்பந்தி வீட்டுப் பெரியவர் முன்னால் பெட்டிப் பாம்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஊதினால் புகை நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். கொண்டை ஊசியை உருவி, திரியை வளைத்து உருகிய மெழுகுக்குள் அமுக்கினேன். சத்தமில்லாமல் செத்தது.

"மாமா, மூழ்கிட்டு! கதவத் தொறங்க!"

கொண்டி கழன்றது. மாமனார் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அங்கேதான் என் புத்தி கெட்டது. மூழ்கிய திரி என்றால் நடுவில் குழி இருக்க வேண்டும். இதிலோ மெழுகு விளிம்புவரை தளதளவென்று நிற்கிறது. காலமெல்லாம் மெழுகு உருக்கியவர் கண்ணுக்கு அது தப்புமா?

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"அடி சண்டாளி, கண்டுபிடிச்சிட்டியே!" என்று தம்ளரைக் கீழே வைத்தார். "தொம்மை, நீ கெளம்புடே. சப்பரத்துக்கு அம்புட்டுத் திரியும் இவதான் பின்னணும். திருநா கழியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

"சரி மாமா" என்றான் அண்ணன்.

பாவி, சரி என்றான்! அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த மட்டு மரியாதை எல்லாம் கழன்றுவிட்டது. கதவு திறந்துதானே கிடக்கிறது? முந்தானையால் தம்ளரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். சூட்டு மெழுகு தளும்பிப் புறங்கையில் விழுந்தது. நான் விடவில்லை.

"ஏட்டி, அதக் குடுத்துட்டுப் போ! எத்தன இழை, எப்படிப் பின்னுனன்னு எனக்குத் தெரியாதுட்டி!"

மணலில் கால் புதைய, மூச்சு வாங்க, பின்னாலேயே மாமனார் ஓடி வந்தார். நான் தண்ணீரில் இறங்கித் தோணியில் ஏறினேன். அண்ணனும் வேறு வழியில்லாமல் ஏறிப் பாயை விரித்தான். தோணி அசையத் தொடங்கிய பிறகுதான் குனிந்து தம்ளரை நீட்டினேன்.

"மெழுக வழிச்சிட்டு இழையப் பிரிச்சு எண்ணிக்கிடுங்க மாமா."

இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் வாங்கினார். ஆடை கட்டிய மெழுகை நகத்தால் கீறித் திரியைத் தேடினார்.

"ஒங்க மவங்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

காதில் விழவில்லை போலிருக்கிறது. கையைக் குவித்துக்கொண்டு இன்னொரு தரம் கத்தினேன். "மாமா! கயித்தானுக்கு என்ன சொல்லட்டும்?"

அவர் தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமலே திரும்பிக் கரைப் பக்கம் நடந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் இருந்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. கப்பலை விட்டு இறங்கியதும், "அப்பா என்ன சொன்னாவ?" என்றுதான் அவன் முதலில் கேட்பான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதற்கு ஒரு நல்ல பொய்யாக யோசிக்க ஆரம்பித்தேன்.