ஒற்றர் தந்த நற்சான்று

இருபத்தொரு வருடம் தூனிஸ் நகரத்தில் மெட்ரோ ஓட்டிய மொங்கி அயாரிக்கு மனநோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்க டாக்டர் நௌஃபலுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. இருநூற்று நாற்பது கேள்விகள், ஒரு பென்சில், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஒரு கோடு வரைந்தது. சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் மட்டும் மசூதிக் கோபுரம் போல எழும்பி நின்றது. அந்த உச்சிக்குப் பக்கத்தில் டாக்டர் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘சந்தேக ஆளுமைக் கோளாறு. ஓட்டுநர் பணிக்கு உகந்தவர் அல்ல.’

மறுநாளே மொங்கியைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரத்தில் மருத்துவக் குழு கூடும். அதற்குள் டாக்டர் தன் முடிவை மாற்றி எழுதவேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை முப்பது குடைகளுக்கும், யாரும் தேடி வராத ஒரு பல்செட்டுக்கும் அவர்தான் காவல்.

புரட்சி வந்து பழைய ஆட்சி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எதைப் பார்த்தாலும் சீர்திருத்தும் காலம். வேறொரு தடத்தில் ஓர் ஓட்டுநர் மனைவியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே மூன்று நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட, நிர்வாகம் எல்லா ஓட்டுநர்களின் மனதையும் சீர்திருத்தக் கிளம்பியது. எங்கோ ஒரு குளிர்நாட்டில் தயாரித்த கேள்வித்தாள் அரபியில் வந்து இறங்கியது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றில் கோடு போடவேண்டும்.

நாற்பத்தொன்றாம் கேள்வி: உங்களை யாரோ கண்காணிப்பதாக உணர்ந்ததுண்டா? மொங்கி ‘ஆம்’ போட்டார். எண்பத்தேழு: உங்கள் தொலைபேசிப் பேச்சை யாரோ ஒட்டுக்கேட்பதாகத் தோன்றியதுண்டா? ஆம். நூற்று முப்பத்து மூன்று: பொது இடத்தில் நீங்கள் பேசியதை யாரோ குறித்துவைத்து மேலிடத்துக்கு அனுப்பியதாக நம்புகிறீர்களா? இதற்கு ‘ஆம்’ மேல் இரண்டு தடவை பென்சிலை ஓட்டினார். கடைசி நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கஃபேயில் பழைய ஆட்சிக்காக வருடக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹமாதியை அந்தப் பேட்டையில் யாருக்குத் தெரியாது? இதைக்கூடச் சொல்ல முடியாவிட்டால் புரட்சி எதற்கு என்று மொங்கிக்குள் ஒரு பெருமிதம் வேறு.

பணிமனையில் மற்ற எண்பத்தொன்பது பேரும் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டிருந்தார்கள். எண்பத்தொன்பது பேரும் பூரண சுகம்.

"ஏண்டா மொங்கி, கவர்மென்ட் காயிதத்துல எவனாச்சும் உண்மைய எழுதுவானா?" என்றான் கூட வேலை பார்க்கும் ஃபாதல். "உன்ன யாராச்சும் பாக்குறாங்களான்னு கேட்டிருக்கான். நான் இல்லன்னு போட்டேன். ஏன்? கேக்குறவன்தானடா பாத்துக்கிட்டிருக்கான்."

மொங்கி டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் நௌஃபலுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். பாரிஸில் வாங்கிய பட்டங்கள் மூன்று சட்டத்தில் தொங்கின. நான்காவதற்கு ஆணி தயாராக இருந்தது. ஹமாதி உண்மையான ஆள், உயிரோடு இருக்கிறான், ரம்மியில் ஏமாற்றுவான் என்றெல்லாம் மொங்கி விளக்கினார். டாக்டர் பரிவோடு தலையாட்டியபடி எழுதிக்கொண்டே இருந்தார்.

"என்ன டாக்டர் எழுதுறீங்க?"

"பாத்தீங்களா முசியே மொங்கி, நான் என்ன எழுதுறேன்னுகூட உங்களுக்கு ஒரு சந்தேகம். டெஸ்ட் பொய் சொல்லாது. உலகம் பூரா ரெண்டு லட்சம் பேருக்குக் குடுத்துப் பாத்த டெஸ்ட். நோய் இல்லன்னு நீங்க அடிச்சுச் சொல்றீங்க பாருங்க, இந்த நோய்க்கு அதுதான் மொத அடையாளம்."

அப்படியானால் நோய் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் குணமாகிவிட்டதா என்று மொங்கி கேட்டார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதிலிருந்துதான் மொங்கிக்கு நிஜமாகவே சந்தேகம் பிடித்தது. பணிமனை மேலாளருக்கு மச்சான் ஒருவன் வேலையில்லாமல் இருக்கிறானே, அவனுக்காகத்தான் இதெல்லாமா? பென்சிலைக் கொடுத்த பெண் எதற்குச் சிரித்தாள்? டாக்டர் இரண்டு தடவை வீட்டுக்குப் போன் செய்தாராமே, மனைவி ஜலீலா என்ன சொல்லி வைத்தாள்?

"சந்தேகப்படுவாரான்னு கேட்டாரு, படுவாருன்னேன்" என்றாள் ஜலீலா, கொண்டைக்கடலையை ஊறப்போட்டபடி. "பொய்யா? நேத்து சூப்புல சீரகம் கூடிப்போச்சுன்னு, யாரு சொல்லிக் குடுத்தான்னு என்னையே கேட்ட."

மொங்கி யோசித்துப் பார்த்தார். கேட்டது உண்மைதான். அன்று மாலை முழுக்கத் தன்னையே கண்காணித்தார். தெருவில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்; திரும்பிப் பார்த்ததை யாராவது பார்த்தார்களா என்று மூன்றாவது தடவை பார்த்தார். குளிர்நாட்டுக்காரன் சொன்னது சரிதானோ? குடைகளும் பல்செட்டும் கண்முன் வந்து நின்றன.

ஜலீலாதான் வழி சொன்னாள். "உன்ன வேவு பாத்தவன் உசுரோடதான இருக்கான்? போய் அவன்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டு வா. நகராட்சியில முத்திரை போட்டுக் குடு. முத்திரை இருந்தா இந்த ஊர்ல எதை நம்பமாட்டாங்க?"

ஹமாதி அதே கஃபேயில் அதே மேசையில்தான் இருந்தார். ஆட்சி போனதும் சம்பளம் நின்றுவிட்டது, பழக்கம் நிற்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து மேசைகள் இன்றைக்கும் கால்பந்துப் பேச்சுக்கு மாறின. மொங்கி ஒரு காப்பி வாங்கி அவர் முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஹமாதியின் முகம் கறுத்தது. பழைய வினையைக் கிளறியதற்காக அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

"பாக்கலன்னு சொல்றானா அந்த டாக்டர்? பதினோரு வருஷம் தம்பி. எனக்குக் காய்ச்சல் நாப்பது டிகிரி இருந்தப்பக்கூட நீ வந்தியா போனியான்னு பாத்து எழுதியிருக்கேன். என் உழைப்ப எவன் இல்லன்னு சொல்றது?"

"அப்ப எழுதித் தர்றீங்களாண்ணே?"

"எழுதுறது மட்டுந்தான எனக்குத் தெரிஞ்ச தொழில்."

அவர் பேனாவைத் திறந்து மூன்று பத்தி எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லை. மறுநாள் காலை நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். வாடகைப் பத்திரம், மோட்டார் சைக்கிள் விற்பனை, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பச் சம்மதம், எதுவானாலும் இங்கே வந்து கையெழுத்துக்குச் சான்று வாங்கினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. கவுன்டர் பெண் ஹமாதியின் அடையாள அட்டையைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஓங்கி ஒரு முத்திரை குத்தினாள். ஒட்டுக்கேட்டது அன்றைக்குத்தான் சட்டப்படி நடந்தது.

டாக்டர் நௌஃபல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கவே படித்தார். "கீழே கையெழுத்திட்டுள்ள நான், மேற்படி மொங்கி அயாரியைப் பதினோரு வருடம் கண்காணித்து வாரம் ஒரு முறை அறிக்கை அனுப்பினேன். என்னை அவர் சந்தேகப்பட்டது சரியே. என்னைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்பட்டதாக என் அறிக்கைகளில் இல்லை. அவர் பேச்சில் மேலிடத்துக்குப் பயன்படும்படி ஒரு வார்த்தையும் கிடைத்ததில்லை."

கடைசி வரி மொங்கிக்குக் கொஞ்சம் உறுத்தியது. பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தைகூடவா தேறவில்லை?

டாக்டர் தாளை இரண்டு விரலால் பிடித்து மேசையில் போட்டார். "முசியே மொங்கி, மனநோயாளிங்க ஆதாரம் சேக்குறது எங்களுக்குப் புதுசு இல்ல. ஒருத்தரு தன்னோட பல்லுல ரேடியோ இருக்குன்னு எக்ஸ்ரே கொண்டுவந்தாரு. சயின்ஸுக்கு முன்னாடி இந்த..." அவர் பார்வை கையெழுத்துக்குக் கீழே இருந்த முகவரியில் போய் நின்றது. "இந்த கஃபே, கடைசி ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கே, அதுவா? நீலக் கதவு போட்டது?"

"அதேதான்."

"இந்த ஹமாதி... இடது கையில ஆறு விரலா?"

"ஆமா டாக்டர். எப்பவும் ஜன்னலோர மேசை."

டாக்டர் எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். கதவைத் திறந்து வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு அதையும் சாத்தினார். திரும்பி வந்தவர் தன் நாற்காலிக்குப் போகாமல் மொங்கிக்குப் பக்கத்தில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தத் தெருவில்தான் மாணவனாக அறை எடுத்துத் தங்கியிருந்தாராம். நாலு வருடம். தினமும் சாயங்காலம் அந்தக் கஃபேதானாம். குரல் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

"அண்ணே, என்னப் பத்தி அந்தாளு ஏதாவது சொன்னாரா? கண்ணாடி போட்ட ஸ்டூடன்ட்னு... எனக்கு அந்த வருஷம் பாஸ்போர்ட் எட்டு மாசம் வரல. அப்பவே தோணிச்சு."

முசியே என்ற பிரெஞ்சு மரியாதை போய் அண்ணன் வந்துவிட்டதை மொங்கி கவனித்தார். ஹமாதி எந்த மாணவனைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. அதை உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் ஐந்து வாரம் குடைகளோடு குடித்தனம் நடத்தியவர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லவேண்டிய அவசியம் என்ன?

"உங்கள யாரோ கண்காணிச்சாங்கன்னு நம்புறீங்களா டாக்டர்?" என்று கேட்டார். "ஆம், இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

 டாக்டர் நௌஃபல் எழுந்து தன் நாற்காலிக்குப் போய்க் கோப்பைத் திறந்து, கோபுரத்தின் உச்சியில் குறுக்கே ஒரு கோடு போட்டார். ‘பண்பாட்டுச் சூழலைக் கருதி மறுமதிப்பீடு செய்யப்பட்டது. பணிக்கு உகந்தவர்.’ கையெழுத்து இந்தத் தடவை அவ்வளவு அழகாக இல்லை. முத்திரை குத்தி ஒரு நகலை நீட்டினார். மொங்கி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முத்திரையை இரண்டு பக்கமும் பார்த்தார். இவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட்டானே, உள்ளே வேறு ஏதாவது எழுதி வைத்திருப்பானோ?

"ஹமாதி உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல டாக்டர்" என்று வாசலில் நின்று மொங்கி சொன்னார். டாக்டர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

மருத்துவக் குழு இரண்டு நிமிடத்தில் ஒத்துக்கொண்டது. திங்கள்கிழமை காலை மொங்கி மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பல்செட்டு இருந்த அறையின் சாவியை மேலாளரின் மச்சானிடம் ஒப்படைத்தாயிற்று. நாலு நடை ஒழுங்காகப் போனது. ஐந்தாவது நடையில் கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது எதிரே கஃபேயைப் பார்த்தார். ஜன்னலோர மேசையில் ஹமாதி. அவர் முன்னால் கிரீம் மிதக்கும் விலையுயர்ந்த காப்பி. எதிர் நாற்காலியில், மேசைமேல் பாதி சாய்ந்தபடி, டாக்டர் நௌஃபல் ஏதோ ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹமாதி தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார், பழைய நாட்களில் கேட்ட அதே மாதிரி.

கதவுகள் மூடிக்கொண்டன. கிளம்ப நேரமாகிவிட்டது. மொங்கி கிளப்பவில்லை. அங்கே இருவரும் ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்தி அவர் வண்டியைப் பார்த்தார்கள்.