இரண்டு வாளி நல்ல தண்ணீர்

மகள் அனோஜினி போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு விரலால் படங்களைத் தள்ளத் தள்ள, நாங்கள் நாலு பேரும் குசினிக்குள் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அவள் அடுத்த மாதம் கலியாணம் முடித்துக் கனடா போகிறாள். போக முன்னம் ஒருக்கா குடும்பமாக எங்கேயாவது போய்த் தங்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எங்கள் வீட்டுக்கு இது புதுக்கதை. எங்கள் தீவுக் கிராமமான சுருவிலை விட்டு நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டதெல்லாம் சண்டைக்குப் பயந்து ஓடினதுதான். இடம் பார்த்து, பிடித்துப்போய்ப் போனது என்று ஒன்றுமில்லை.

மகன் டெனிஸ்ரனுக்குத் திருகோணமலைக் கடற்கரையில், நீச்சல் தடாகம் உள்ள ஹோட்டல் வேண்டும்.

"கடலைப் பாக்கவும் காசு குடுத்துப் போறதோ?" என்றார் என் மனுசன் இராயப்பு. "நான் வீட்டைப் பாக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

விடிய விடிய மீனுக்காகக் கடலில் கிடக்கிற மனுசன். அவர் கேட்டதிலும் பிழையில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. வவுனியாவுக்கு அங்கால் ஒரு குளம், கரையில் பலகையால் அடித்த நாலைந்து கபானாக் குடில்கள். ஏசி இல்லை, ரீவி இல்லை. ஒரு பொம்பிளை கழுத்தளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உது நல்ல தண்ணியே?" என்று கேட்டேன்.

"குளமெண்டா நல்ல தண்ணிதானேம்மா," என்றாள் அனோஜினி.

"அப்ப உதுதான்."

டெனிஸ்ரன் துள்ளினான். "அம்மா, உங்களுக்கு விசரே? அங்க ஒண்டுமில்லை!"

"தண்ணி இருக்குத்தானே."

இதை இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் கிணறு சவர், உப்புக் கரிக்கும். அதில் பருப்பு அவியாது, சவுக்காரம் நுரைக்காது. நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதுவும் நினைத்தால் வரும். இராயப்பு கடலால் வந்ததும் முற்றத்துக் கல்லில் ஏறி நிற்பார். நான் இரண்டு வாளி நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உப்பைக் கழுவாவிட்டால் அவருக்கு உடம்பெல்லாம் கடிக்கும். கலியாணம் கட்டி வந்த கிழமையே தொடங்கின வேலை. எனக்குத் தலை முழுகச் சவர்தான். ஒரே ஒருநாள், ஆருக்கும் மிச்சம் பிடிக்காமல், நல்ல தண்ணீருக்குள் கழுத்துவரை நிற்கவேண்டும். இந்த ஆசையை நான் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"நீங்கள் வராட்டி நானும் போகேல்லை," என்று மனுசனுக்குச் சொல்லிவிட்டுப் பானையைப் போட்டுத் தேய்த்தேன். அந்தச் சத்தம் அவருக்கு விளங்கும்.

"சரியப்பா, உம்மட குளத்தையும் ஒருக்காப் பாப்பம்," என்றார்.

வாடகை வானால் குளத்தடியில் இறங்கும்போது மத்தியானம். அறைக்குள் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. கரண்ட் இல்லாமல் அதுவும் சும்மா தொங்கியது.

"அம்மா தெரிஞ்செடுத்த கொட்டிலைப் பாருங்கோ," என்றான் டெனிஸ்ரன். அனோஜினி மின்விசிறிச் சுவிச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். என்னிடம் கேட்டு நடந்தது இந்த ஒரு காரியம், அதையும் கெடுத்துப்போட்டேனோ? செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே கரைக்கு நடந்தேன்.

என்ர மாதாவே! படத்தில் கண்டது காற்பங்கும் இல்லை. அக்கரை தெரியவில்லை. கடல்போலவே கிடந்தது, கடல் மணம் மட்டும் இல்லை. குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். புதுத் தண்ணீரைக் கண்டால் எங்கள் பக்கத்துச் சனம் முதலில் செய்வது அதுதான். உப்பில்லை. தள்ளிப்போய் அள்ளினேன். அங்கேயும் இல்லை! கண்ணுக்கு எட்டின மட்டும் நல்ல தண்ணீர். பூட்டில்லை, வரிசையில்லை. தூரத்தில் எருமைகள் அதற்குள் சும்மா படுத்துக் கிடந்தன. எருமைக்குக்கூட அளவில்லை. சட்டையோடு இறங்கினேன். கழுத்துவரை வந்ததும் நின்றேன். சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

பின்னால் வந்த இராயப்பு, கடலில் படுப்பதுபோல மல்லாந்து படுத்தார். படுத்த மனுசன் தாழத் தொடங்கினார். இருமிக்கொண்டு எழும்பி என் தோளைப் பிடித்தார்.

"இந்தத் தண்ணி ஆளைத் தாங்குதில்லையப்பா!"

பிறகு தலையை முழுக்க அமிழ்த்தி, கனநேரம் கழித்து வெளியே வந்தார். "கண் எரியேல்லை," என்றார். எரியவில்லை என்பதை நம்பமுடியாமல் திரும்பத் திரும்ப அமிழ்த்திப் பார்த்தார். அதைக் கண்டு பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டு உடுப்போடு பாய்ந்தார்கள்.

வெயில் சரிய, முதலில் அவர்தான் கரையேறினார். அங்கே கிடந்த கல்லொன்றில் ஏறினார். தண்ணீர் வடிய வடிய, இரண்டு கையையும் உடம்பில் முட்டாமல் விரித்துப் பிடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?" என்றேன்.

"வாளி எங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கால்கள் கரைப்பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டன. பிறகு நின்றேன். குளத்தைக் கை காட்டினேன், இந்தக் கரையிலிருந்து தெரியாத அந்தக் கரைவரை.

அவர் குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கல்லிலிருந்து மெல்ல இறங்கி, திரும்பவும் தண்ணீருக்குள் நடந்து என் கிட்ட வந்தார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். விரலிடுக்கால் பாதி ஒழுகிப் போக, மிச்சத்தை என் உச்சியில் ஊற்றினார். பிறகு திரும்பவும் குனிந்தார்.