கதவு ஏன் அதிருது?

1

இதைக் கதையாக எழுத ஆரம்பிக்கவில்லை. கார் வாங்கி ஆறு மாதம் ஆனதும் ஷோரூமிலிருந்து ஒரு தாள் வந்தது. 'உங்கள் காரை ஓட்டிய அனுபவத்தை எழுதுங்கள்.' கீழே பத்துக் கோடு. சும்மா கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுத்ததை அச்சடித்து இன்னொருவன் தலையில் ஒரு காரைக் கட்டுவார்கள். ஆனாலும் உட்கார்ந்தேன். பெருமையடிக்க ஒரு தாள் கிடைத்தால் விடுவேனா?

முதல் தொடக்கம்: 'மேகத்தில் மிதப்பதுபோல்—'

அடித்துவிட்டேன். நான் மேகத்தில் மிதந்ததில்லை. இப்படி எழுதுகிற எவனும் மிதந்திருக்க மாட்டான்.

இரண்டாவது: 'நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாற்பத்தாறு வருடம் அடுத்தவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து சைலன்சர் வெல்டிங் வைத்தவன். இப்போது என் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.'

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2

வண்டி தரையோடு தாழ்ந்து கிடக்கும். அதில் ஏற முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். எழுந்திருக்கும்போது முழங்கால் ஏதாவது சொல்லும். உட்கார்ந்துவிட்டால் சீட்டு இரண்டு பக்கமும் விலாவைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் உள்ளங்கை நிறையத் தடிமன். ஏரியைச் சுற்றும் சாலையில் பதினொரு வளைவு. ஒன்றில்கூட வண்டி சாயவில்லை. சாய்ந்தது நான்தான், அதுவும் பழைய வண்டிகளின் பழக்கத்தில். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்த என் மனைவி, "எழுபத்தோரு வயசுல யாரைத் துரத்திட்டுப் போறீங்க?" என்றாள்.

நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல் அது. அதற்காகத்தான் இந்த வண்டியை வாங்கினேன். பட்டறைத் தெருவில் எனக்குப் பெயர் 'காது'. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே எந்த இடத்தில் ஓட்டை என்று சொல்லிவிடுவேன். இந்தப் புகைக்குழாயைச் செய்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடவேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

3

இந்த இடத்தில் ஒரு ஆள் வர வேண்டும். என் பட்டறைக் கூட்டாளி. தகரத்தைத் தட்டித் தட்டிக் காது போனவன். பெயர் 'டமாரம்'. முதலில் அவனைப் பொறாமைக்காரனாக எழுதினேன். 'என் காரைப் பார்த்ததும் டமாரத்தின் முகம் கறுத்து—'

இதைத் தட்டச்சு செய்யும் என் மகள் நிறுத்திவிட்டாள். "அப்பா, அவர் முகத்துல எப்பவுமே கரிதானே?"

சரி. நடந்ததையே எழுதுகிறேன். ஒரு காலையில் காரைப் பட்டறை முன் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு எஞ்சினை முறுக்கினேன். டமாரம் பின்னால் போய்ப் புகைக்குழாயின் வாயருகே உள்ளங்கையைக் காட்டினான். அவன் கையால்தான் கேட்பான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, கதவின் உட்புறத்தில் கையை வைத்தான்.

"குழாய் மெதுவாத்தான் மூச்சு விடுது. கதவு ஏன் அதிருது?"

நல்ல எஞ்சின் என்றால் அதிரும் என்றேன். அவன் உதட்டைப் படிப்பான்.

"எஞ்சின் முன்னாடி இருக்கு. கதவுல இருக்கறது ஸ்பீக்கர். உன் உறுமல் பாட்டுப் பெட்டிலேர்ந்து வருதுடா காது."

தெருவே கேட்டது. அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

(அடுத்த வரியை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

"செவிட்டுப் பய, சத்தத்தைப் பத்தி எனக்குச் சொல்றியா?"

படித்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஒன்பது நாளாகப் பேச்சில்லை. ஒரே பட்டறை, ஒரே வெல்டிங் மெஷின்.

4

(வாசகருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் சொன்னது சரியென்றால் என் காது போய்விட்டது. காது இல்லாவிட்டால் பட்டறையில் நான் யார்? கார் வைத்திருக்கிற ஒரு கிழவன்.)

ஷோரூமில் கேட்டிருக்கலாம். அவர்கள் சொல்வதை நான் நம்பமாட்டேன். மகளை உட்காரவைத்துக் காரின் திரையைத் துருவினோம். ஏழாவது பக்கத்தில் இருந்தது: 'எஞ்சின் ஒலி — கூடுதல்.' நானே அணைத்தேன்.

மகளோடு ஏரிச் சாலைக்கு ஓட்டினேன். உறுமல் இல்லை. தையல் மெஷின்போல ஒரு சின்னச் சத்தம். நாலு வளைவுவரை அவமானம் பிடுங்கித் தின்றது. ஐந்தாவது வளைவில், அந்தச் சின்னச் சத்தத்துக்கும் அடியில், நூல் கனத்துக்கு ஒரு சீழ்க்கை. மிதித்தால் வந்தது, காலை எடுத்தால் போனது. முன்குழாய் மூட்டு, அதை அடைக்கிற கேஸ்கட்டில் மயிரிழை ஓட்டை. மகளுக்குக் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆறியதும் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். நான் சொன்ன இடத்தில் கண்மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. ஷோரூம்காரர்கள் பார்த்து 'எல்லாம் சரி' என்று முத்திரை குத்திய வண்டி.

என் காது போகவில்லை. இந்த வரியை மட்டும் கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். மகள் மாட்டேன் என்றுவிட்டாள்.

5

சிக்கல் இதுதான். அந்த ஓட்டையை மறைத்தது ஸ்பீக்கர். ஸ்பீக்கரைக் கண்டுபிடித்தது டமாரத்தின் கை. என் காதின் பெருமையைத் தெருவில் சொல்ல வேண்டுமென்றால், அவன் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முடிவு ஒன்று: ஓட்டையை நானே கமுக்கமாக அடைத்துவிட்டு, மறுபடியும் உறுமலைப் போட்டுக்கொண்டு தெருவில்— (வேண்டாம். ஏழாவது பக்கத்தைப் பார்த்தவன் நான்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறோம். (நாங்கள் வெல்டிங்காரர்கள். ஒருவன் கண்ணில் தண்ணீர் வந்தால், கண்ணாடி போடாமல் வேலை செய்தாயா என்று இன்னொருவன் திட்டுவான்.)

ஷோரூமின் பத்துக் கோடு எப்போதோ தீர்ந்துவிட்டது. இந்தத் தாளை அவர்களுக்கு அனுப்பப் போவதில்லை.

நாளைக் காலை காரைப் பட்டறை முன் நிறுத்துவேன். எஞ்சினை அணைக்கமாட்டேன். பக்கத்துக் கதவைத் திறந்து வைப்பேன். அவன் உட்கார்ந்தால் கட்டாயம் கதவில் கை வைப்பான். அதிராது. நான் வாயைத் திறக்காமலே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆனாலும் வாயைத் திறக்கத்தான் வேண்டும், அவனுக்கு நான் ஒரு வார்த்தை பாக்கி.

உட்காருவானா?

அதை நான் எழுதமாட்டேன். எழுதினால் அவனை உட்காரவைத்துவிடுவேன். அதுவும் ஸ்பீக்கர் சத்தம்தான். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் கதவைத் திறந்து வைக்கிறேன்.