பன்னிரண்டாம் கிளாஸ் பையனுக்கு வெள்ளெழுத்து

என் பையனுக்கு நாப்பத்தோரு வயசு. பன்னிரண்டாம் கிளாஸ் படிக்கிறான். ஏழு வருஷமா அதே கிளாஸ்தான். அவன் பாஸ் பண்ணிடக் கூடாதேன்னு நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவன் பாஸானா எங்க வீட்டுல அடுப்பு எரியாது.

சீரியலைச் சொல்றேங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு வருதே, ஸ்கூல் பசங்க கதை, அதுல ஹீரோ இவன்தான். ஆரம்பிக்கும்போதே முப்பத்துநாலு வயசு. ஆனா எங்க குடும்ப முகவெட்டு அப்படி, சட்டுனு வயசு பிடிபடாது. காலையில ஒரு ஷேவிங், மத்தியானம் ஒரு ஷேவிங். தொப்பை போட்டுடக் கூடாதுன்னு அரை வயித்துச் சாப்பாடு. சேனல்காரங்க போட்ட ஒரே கண்டிஷன், பொண்டாட்டி பிள்ளை இருக்கிற விஷயம் வெளிய மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா பாக்குற பொண்ணுங்க மனசு உடைஞ்சிடுமாம். அவங்க மனசு உடையும், சரி. எங்க வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவ மனசு என்ன எவர்சில்வர்லயா செஞ்சது?

அதான் என் பேத்தி. நிஜமாவே ஸ்கூல்ல படிக்கிறவ, ஒன்பதாம் கிளாஸ். தொட்டா ஷாக் அடிக்கும், அதனால வீட்டுல கரண்ட்னுதான் கூப்பிடுவோம். அவ ஸ்கூல்ல என்ன சொல்லி வச்சிருக்கான்னா, அப்பாவுக்குக் கப்பல்ல வேலை, எப்பவாவதுதான் வருவாரு. பக்கத்துல உக்கார்ற பொண்ணு பென்சில் பாக்ஸ் மூடியில இவ அப்பன் போட்டோவை ஒட்டி வச்சிருக்கா. அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இவ கணக்குப் போடணும். கையெழுத்துக்கு, மீட்டிங்குக்கு, எல்லாத்துக்கும் நான்தான் போவேன்.

அவ சீரியல் பாக்கவே மாட்டா. நான் போட்டா மட்டும் சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு குத்தம் சொல்லுவா. இந்த ஸ்கூல்ல ரெண்டு பேருக்கு ஞாபகம் போயிடுச்சு, லேப்ல குண்டு வெடிச்சுது, ஹெட்மாஸ்டருக்கு மூணு தடவை மாரடைப்பு வந்துச்சு, ஆனா ஒருத்தனாவது பேனா இல்லைன்னு கடன் கேட்டிருக்கானா, ஒருத்தியாவது பாத்ரூம் போகணும்னு கையத் தூக்கியிருக்காளான்னு கேப்பா. அவ கேக்கிற கேள்வி நியாயம்தான். ஏழு வருஷத்துல அந்த கிளாஸ்ல யாரும் நோட்டுல ஒரு வரி எழுதி நான் பாத்ததில்லை. எழுதற நேரத்துக்கு யாராவது யாரையாவது கன்னத்துல அறைஞ்சிடுவாங்க.

என் மருமகளுக்குக் கண்ணாடிக் கடையில வேலை. வர்றவங்களுக்கு அளவு பாத்து ஃபிரேம் எடுத்துக் குடுக்கிறது. அவதான் முதல்ல கண்டுபிடிச்சா. ஒருநாள் சாப்பிடும்போது இவன் போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு படிக்கிறான். "அத்தை, உங்க பிள்ளைக்கு வெள்ளெழுத்து வந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா கை நீளம் பத்தாது"ன்னா. ஒரு கண்ணாடி செஞ்சு அவன் பையில சைடு ஜிப்புல போட்டும் விட்டா. இவன் அதைத் தொடவே இல்லை. பன்னிரண்டாம் கிளாஸ் பையன் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டா நல்லாவா இருக்கும்?

இப்படிப் போய்க்கிட்டிருந்தப்ப புதுசா ஒரு டைரக்டர் வந்தாரு. எல்லாம் நிஜம் மாதிரி இருக்கணும்னு பிடிவாதம். பரீட்சை சீன் வந்துச்சு. முன்னெல்லாம் கேள்வித்தாள்னா வெறும் வெள்ளைப் பேப்பர்தான். இவர் நிஜக் கேள்வித்தாளே அச்சடிச்சு, பொடி எழுத்துல, ஆளுக்கு ஒண்ணு குடுத்து, நடிக்காதே, படி, அப்படின்னுட்டாரு. என் பையன் சொன்ன பேச்சு கேக்கிறவன். படிச்சான். எப்படிப் படிச்சான்? தாளைத் தூக்கினான், கையை முழுசா நீட்டினான், தாடையை உள்ள இழுத்தான், ஒரு கண்ணைச் சுருக்கினான். பாங்க்ல வயசானவங்க சீட்டு நிரப்பறதைப் பாத்திருக்கீங்களா, அச்சு அசல் அதேதான். டைரக்டர் அதை நல்ல நடிப்புன்னு நினைச்சு வச்சுட்டாரு.

டிவில வந்து முடியல, ஊரே போன்ல அதை மட்டும் வெட்டி எடுத்துச் சுத்த விட்டுடுச்சு. பரீட்சை எழுத வந்த தாத்தான்னு ஒருத்தர், இவர் பேரனுக்கு ஹால் டிக்கெட் கிடைச்சாச்சான்னு ஒருத்தர். எங்க வீட்டுல யாருக்கும் கால் ஒரு இடத்துல நிக்கல. இவன் ஹால்ல இருந்து சமையல்கட்டுக்கும் சமையல்கட்டுல இருந்து ஹாலுக்கும் நடக்கிறான். சேனல்ல இருந்து போன் வருமா வராதான்னு அதையே எடுத்து எடுத்துப் பாக்கிறான், நீட்டித்தான் பிடிச்சுப் பாக்கிறான், பாவம். கரண்ட் மட்டும் ஒண்ணும் பேசல. அவ பேசாம இருந்தா எங்கேயோ வயர் அறுந்திருக்குன்னு அர்த்தம்.

மறுநாள் அவன் ஷூட்டிங் போயிட்டான். மத்தியானம் ஸ்கூல்ல இருந்து எனக்குப் போன். கிளாஸ் டீச்சர். கரண்ட், அந்தப் பென்சில் பாக்ஸ் பொண்ணு தலையில ஒரு பாட்டில் தண்ணியைக் கவுத்திட்டாளாம். அந்தப் பொண்ணோட அம்மா வர்றாங்க, நீங்களும் நாலு மணிக்கு வரணும்னாங்க. இதோ கிளம்பறேன்னேன். டீச்சர் கொஞ்சம் தயங்கி, "நீங்க இல்லம்மா. அவங்க அப்பாவை அனுப்புங்க. கப்பல்ல இருந்து வந்துட்டாருன்னு அவளே சொன்னாளே"ன்னாங்க.

யாரும் கேக்காம அவளா சொல்லியிருக்கா. அத்தனை வருஷம் கடல்ல விட்ட அப்பனை அவளே கரைக்கு இழுத்திருக்கா.

மருமக கடையில முதலாளி இல்லை, விட்டுட்டு வர முடியாது. ஷூட்டிங் நேரத்துல இவன் போனை வாங்கி வச்சுக்குவாங்க. நான் பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கே போயிட்டேன்.

உள்ள போனா, கிளாஸ் ரூமுக்கு மூணு சுவருதான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்துல ஒரு ரெட்டை ஜடைக்காரி யூனிஃபார்மோட உக்காந்து கைக்குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கா. சீரியல்ல என் பையனுக்கு அம்மாவா வர்ற பொண்ணு, அவனை விட மூணு வயசு சின்னவ, என்னைப் பாத்து வாங்கம்மான்னு எழுந்து சேர் குடுத்தா. சம்பந்தி மாதிரி ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டோம்.

மூலையில புரொடியூசரம்மா, டைரக்டர், கதை எழுதறவரு, நடுவுல என் பையன். கதைக்காரர் ஏற்கெனவே வழி கண்டுபிடிச்சுட்டாரு. பையனுக்கு உலகத்துலயே யாருக்கும் வராத கண் வியாதி. அதனாலதான் தாளை நீட்டிப் பிடிச்சான். பரீட்சை ஹால்லயே பார்வை போயிடும். அப்புறம் பார்வை திரும்பற வரைக்கும் கதையை இழுக்கலாம். சிரிச்ச வாயெல்லாம் அழும்னாரு. புரொடியூசரம்மாவுக்கும் திருப்தி. ஆனா இனிமே இவன் வெளிய தலைகாட்டக் கூடாது, குடும்பம் கிடும்பம்னு யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாது, பட்டா அன்னிக்கே கதையை முடிச்சுடுவேன்னு கறாராச் சொன்னாங்க. அடுத்த ஷாட் அஞ்சு மணிக்கு.

வேலை தப்பிச்சதுல இவன் முகத்துல அப்பத்தான் ரத்தமே திரும்பிச்சு. அந்த நேரம் பாத்து நான் போய் நிக்கிறேன். தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, நீயே போயேன். எப்பவும் நீதானே போற."

"நீ கப்பல்ல இருந்து வந்துட்டேன்னு சொல்லியிருக்காடா."

கழுத்துல இருந்த டையை இழுத்து இழுத்து விட்டான். அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டான். டிரெஸ் மாத்த நேரமில்லை, யூனிஃபார்மோட வண்டி ஏறிட்டான். நான் வண்டியிலயே உக்காந்திருக்கேன், நீ உள்ள போய் பேசு, டீச்சர் ரொம்ப அழுத்தினா மட்டும் எனக்குப் போன் பண்ணு, அப்படின்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தான். நான் ஆமாம் ஆமாம்னுக்கிட்டே வந்தேன். ரெண்டு பேருமே பொய்தான் சொல்லிக்கிட்டிருந்தோம்னு நினைக்கிறேன். ஏன்னா ஸ்கூல் கேட் வந்ததும் எனக்கு முன்னாடி அவன் இறங்கிட்டான்.

இறங்கிட்டானே தவிர நகரல. வாட்ச்மேன் பாத்தாரு. கணுக்காலுக்கு மேல ஏறின பேண்ட்டு, சட்டைப் பையில ஸ்கூல் முத்திரை, டை. நான் பக்குனு நிக்கிறேன். அவர் சாவகாசமா, "வாங்க சார். பொண்ணா பையனா, எந்த கிளாஸ்?"ன்னாரு.

நாடே பையன்னு நம்பின மூஞ்சி. இவனுக்குத் தாங்கல. "நான் அப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டான்.

"கூப்பிட்டு விட்ட அப்பாங்க எல்லாம் இப்படித்தான் சார் கேட்டுல நின்னு காலை மாத்தி மாத்தி வைப்பாங்க. அது என்ன, கம்பெனி யூனிஃபார்மா?"

சீரியல்ல பெத்தவங்களைக் கூப்பிட்டா இடி இடிக்கும், மின்னல் வெட்டும், ஒவ்வொரு மூஞ்சியா மூணு தடவை காட்டுவாங்க. இங்க ஒரு சின்ன ரூம். ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது. மேஜை பூரா நோட்டு. டீச்சர் வயசு இருபத்தஞ்சு இருபத்தாறு இருக்கும், தூக்கம் போதாத கண்ணு. அவங்க டிவி பாக்கிற ஆள் இல்லை போல, இவனை எந்த வித்தியாசமும் இல்லாம உக்காரச் சொன்னாங்க. இவன் அந்தச் சின்ன ஸ்டூல்ல முட்டி மோவாயில இடிக்க உக்காந்தான். எதிர்ல நனைஞ்ச பொண்ணு, யாரோடதோ விளையாட்டு டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு, பக்கத்துல அவங்க அம்மா. அந்தப் பொண்ணு இவனைப் பாத்த பார்வை இருக்கே, மடியில இருந்த பென்சில் பாக்ஸைப் பாக்கிறா, இவனைப் பாக்கிறா, திரும்ப பாக்ஸைப் பாக்கிறா. கரண்ட் சுவரோரம் நின்னு தரையைப் பாக்கிறா.

ஏன் ஊத்தினேன்னு டீச்சர் கேட்டாங்க. "சிரிச்சா"ன்னா. எதுக்குச் சிரிச்சான்னாங்க. இவ கால் விரலால தரையைக் கீறினா. அந்தப் பொண்ணு, நான் இவளைப் பாத்துச் சிரிக்கல மிஸ், போன்ல ஒரு வீடியோ, அதுலன்னு ஆரம்பிச்சு, இவன் பக்கம் பாத்துட்டு அப்படியே முழுங்கிட்டா.

டீச்சருக்கு அதெல்லாம் கேக்க நேரம் இல்லை. தண்ணி நோட்டுல கொட்டி அறிவியல் பாடமெல்லாம் கலைஞ்சு போச்சு, அதை இவ புது நோட்டுல எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான் தண்டனைன்னு சொன்னாங்க. எந்தெந்தப் பக்கம் போயிருக்குன்னு நீங்களே பாத்துக்குங்க சார்னு ஈர நோட்டை என் பையன் கையில குடுத்தாங்க.

அவன் நோட்டைத் திறந்தான். மை கரைஞ்ச பொடி எழுத்து. கை தன்னால நீள ஆரம்பிச்சுது. பாதி நீட்டினவன் சுதாரிச்சு திரும்பக் கிட்டக்க கொண்டு வந்தான். தெரியல. ஜன்னல் பக்கம் திருப்பிப் பாத்தான். எதிர்ல அந்தப் பொண்ணு வாயைத் திறந்தது திறந்தபடி இருக்கா. அஞ்சு மணி ஷாட்டு, கண் வியாதி, ஏழு வருஷச் சோறு, எல்லாம் அந்தக் கையில இருக்கு. இப்பக்கூட சரி மிஸ்னு சொல்லி நோட்டை மூடிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

கரண்ட் தலையைத் தூக்கினா.

"அப்பா, கண்ணாடியைப் போட்டுக்கோப்பா. பையில சைடு ஜிப்புல இருக்கு."

அவ ஸ்கூலுக்குள்ள அப்பான்னு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. இவன் அவளைப் பாத்தான், அந்தப் பொண்ணைப் பாத்தான். ஜிப்பைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டான். அப்புறம் விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டி, இது போச்சு, இது போச்சு, இந்தப் படம் தப்பிச்சிருக்கு மிஸ்னு ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொன்னான். கண்ணாடி போட்டா எங்க வீட்டுக்காரர் ஜாடைதான், கொஞ்சமும் தப்பாம. நாப்பத்தோரு வயசு மூஞ்சியில பளிச்சுனு தெரியுது. கரண்ட் வந்து அவன் ஸ்டூல் பக்கத்துல நின்னுக்கிட்டா.

நாங்க கேட்டைத் தாண்டறதுக்குள்ள, ஹீரோவுக்கு ஒன்பதாம் கிளாஸ்ல பொண்ணுங்கிற செய்தி எங்களைத் தாண்டிடுச்சு. அஞ்சு மணி ஷாட்டே நடக்கல. புரொடியூசரம்மா சொன்னதைச் செஞ்சாங்க, வீட்டுல இருந்துக்கோன்னுட்டாங்க. அந்த நாளெல்லாம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. போன் அடிச்சா நாலு பேரும் ஓடுவோம். பாத்தா கேஸ்காரன். ஆனா அறிவியல் நோட்டை அப்பனும் பொண்ணுமா மேஜையில உக்காந்து பாதிப் பாதியா எழுதினாங்க. படம் அவன் வரைஞ்சான், பேர் அவ எழுதினா. பன்னிரண்டாம் கிளாஸ்ல அவ்வளவு நாள் இருந்தவன் அப்பத்தான் முதல் தடவையா நோட்டுல எழுதினான். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குப்பான்னு அவ திட்டினதும் காதுல விழுந்துச்சு. அந்தப் பொண்ணு பாக்ஸ்ல இருந்த போட்டோவை உரிச்சு எடுத்துட்டாளாம். அதுக்கும் இவளுக்குக் கோவம். ஏன், அப்பா போட்டோவுக்கு என்ன குறைச்சல்னு.

அப்புறம் ஒருநாள் கதைக்காரரே வீட்டுக்கு வந்தாரு. எங்க கதையை எல்லாம் கேட்டுக்கிட்டு, டீயைக் குடிச்சுட்டுப் போனாரு. அடுத்த வாரம் பாத்தா, சீரியல்ல பையன் கண் வைத்தியத்துக்கு வெளிநாடு போயிட்டான். அவன் போன அன்னிக்கே, செத்துட்டாருன்னு நினைச்ச அவங்க அப்பா கப்பல்ல இருந்து இறங்குறாரு. அதே மூஞ்சி, கண்ணாடியோட. என் பையன்தான். சேர் குடுத்த பொண்ணு இப்ப அவனுக்குப் பொண்டாட்டி. அது என்னோட கப்பல், பாட்டி, கேக்காம எடுத்துக்கிட்டாங்கன்னு கரண்ட் குதிச்சா. பாக்கிறவங்க என்ன எழுதறாங்க தெரியுமா? இந்த வயசுல இவ்வளவு பெரிய பிள்ளைக்கு அப்பாவா, கொஞ்சமாவது நம்பற மாதிரி எடுங்கன்னு எழுதறாங்க.

வேலை இருக்கு, நிம்மதி இல்லை. சீரியல்ல அப்பாக்களுக்கு ஆயுசு கம்மி, எந்த வெள்ளிக்கிழமை சுவத்துல போட்டோவா மாட்டுவாங்கன்னு சொல்ல முடியாது. அதனால ஷூட்டிங் இல்லாத நாளெல்லாம் இவன் வீட்டுல நிக்க மாட்டான். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிடறான். வாட்ச்மேனோட உக்காந்து பேசிக்கிட்டிருப்பான். நேத்து கூட கரண்ட் கேட்டுக்கு வந்து, இடுப்புல கை வச்சுக்கிட்டு, "அப்பா, இந்த மாசம் மீட்டிங்கே கிடையாது. வீட்டுக்குப் போ"ன்னு சொல்லியிருக்கா. போகலையாம். பெல் அடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னு, காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு, அவளைக் கூட்டிக்கிட்டுத்தான் வந்தான்.